செத்த சட்டமும் சாகாத சட்டமும்: 1798 இன் கதை

போன செமஸ்டர் அமெரிக்க வரலாற்றுப் பாடத்துக்கு ஒரு டியூட்டோரியல் எழுத வேண்டியிருந்தது. தலைப்பு, அமெரிக்க அரசியலமைப்பின் முதலாவது திருத்தம். பேச்சுச் சுதந்திரத்தையும் பத்திரிகைச் சுதந்திரத்தையும் குறைக்கிற எந்தச் சட்டத்தையும் கொங்கிரஸ் இயற்றக்கூடாது என்று சொல்கிற திருத்தம் அது. 1791 இல் நடைமுறைக்கு வந்தது. நானும் வழமைபோல நாலு பக்கத்துக்குப் புகழ்ந்து எழுதிக் குடுத்தன். திரும்பி வந்த தாளின் அடியில் பென்சிலால் ஒரேயொரு கேள்விதான் இருந்தது. 1798 இல் என்ன நடந்தது?

உண்மையைச் சொன்னால் எனக்குத் தெரியாது. நூலகத்தில் இருந்து தேடி வாசித்த பிறகுதான் விளங்கிச்சுது, அந்தக் கேள்வி என்ர நாலு பக்கத்தையும் கிழிச்சுப் போட்டுட்டு எண்டு. திருத்தம் வந்து ஏழே வருடங்களில், அரசாங்கத்தை விமர்சித்து எழுதுவதைச் சிறைக் குற்றமாக்கும் சட்டத்தை அதே கொங்கிரஸ் இயற்றியது. அதே கோடையில் குடியேறி வந்தவர்களைக் குறிவைத்து இன்னும் மூன்று சட்டங்களையும் இயற்றியது. நாலு சட்டங்களில் மூன்று சில வருடங்களிலேயே இல்லாமல் போயின. ஒன்று மட்டும் இன்றுவரை உயிரோடு இருக்கிறது. ஏன் அந்த ஒன்று மட்டும் சாகவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரை.

பிரகடனம் செய்யாத போர்

1790களில் பிரான்சும் பிரித்தானியாவும் போரில் இருந்தன. அமெரிக்கா நடுநிலை என்று சொன்னாலும் 1794 இல் பிரித்தானியாவுடன் ஜே உடன்படிக்கையைச் செய்துகொண்டது. சுதந்திரப் போரில் அமெரிக்காவுக்குக் கைகொடுத்த பிரான்சுக்கு இது துரோகமாகப் பட்டது. பிரெஞ்சுக் கப்பல்கள் அமெரிக்க வணிகக் கப்பல்களைப் பிடிக்கத் தொடங்கின. 1797 நடுப்பகுதிக்குள் 300க்கும் மேற்பட்ட கப்பல்கள் பறிபோயிருந்தன.

ஜனாதிபதி ஜோன் அடம்ஸ் மூன்று தூதுவர்களைப் பாரிசுக்கு அனுப்பினார். பிரெஞ்சு வெளிவிவகார அமைச்சர் தலேராண்டின் ஆட்கள், பேச்சுவார்த்தை தொடங்குவதற்கே இலஞ்சமும் கடனும் கேட்டார்கள். அந்த ஆட்களின் பெயர்களை மறைத்து, எக்ஸ், வை, இசட் என்று எழுத்துகளைப் போட்டு 1798 ஏப்ரலில் அறிக்கைகள் வெளியாகின. நாடே கொதித்தது. கடலில் மோதல்கள் 1800 வரைக்கும் நடந்தன. ஆனால் கொங்கிரஸ் கடைசிவரைக்கும் போரைப் பிரகடனம் செய்யவேயில்லை. போர் இல்லை, போர்ப் பயம் மட்டும் தாராளமாக இருந்தது.

உள்ளே இரண்டு அணிகள் இருந்தன. ஆட்சியில் அடம்ஸ், ஹமில்டன் போன்றோரின் பெடரலிஸ்ட் கட்சி. எதிரில் தோமஸ் ஜெபர்சனின் குடியரசுக் கட்சி. (இன்றைய குடியரசுக் கட்சியோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், அது பிறகு வந்தது.) வேடிக்கை என்னவென்றால், தேர்தலில் இரண்டாவதாக வருபவரே உப ஜனாதிபதி என்று அப்போது விதி இருந்ததால், எதிர்க்கட்சித் தலைவர் ஜெபர்சன்தான் அடம்ஸின் உப ஜனாதிபதி.

புரட்சியிலிருந்து தப்பிய பிரெஞ்சுக்காரர், இன்றைய ஹெயிட்டியான சென் டொமிங்கிலிருந்து ஓடிவந்தவர்கள், பிரித்தானிய ஆட்சியை வெறுத்து வந்த ஐரிஷ்காரர் என்று பலர் அந்த வருடங்களில் வந்து சேர்ந்தார்கள். அதிலும் ஐரிஷ்காரர் பெரும்பாலும் ஜெபர்சன் பக்கம் சாய்ந்தார்கள். எதிர்க்கட்சிப் பத்திரிகைகளிலும் வெளியிலிருந்து வந்த எழுத்தாளர்கள் பலர் இருந்தார்கள். எதிர்க்கட்சிக்கு வாக்குப் போடுகிறவனும் அதன் பத்திரிகையை அச்சடிக்கிறவனும் பல இடங்களில் ஒரே ஆள். ஆகவே குடியேறியவனைக் கட்டுப்படுத்தும் சட்டமும் பேச்சைக் கட்டுப்படுத்தும் சட்டமும் ஒரே கோடையில் வந்தது தற்செயல் இல்லை.

நாலு சட்டங்கள்

1798 ஜூன் 18 இல் குடியுரிமைச் சட்டம். பிரஜாவுரிமை பெற ஐந்து வருடம் வசித்தால் போதும் என்றிருந்ததைப் பதினான்கு வருடமாக்கியது. வந்தவன் வாக்குப் போடும் நாளைத் தள்ளிவைப்பது இதன் வேலை.

ஜூன் 25 இல், நட்பு நாடுகளின் பிரஜைகளையும் தொடுகிற அந்நியர் சட்டம். எந்த நாட்டவராக இருந்தாலும், சமாதான காலத்திலும்கூட, ஆபத்தானவர் என்று ஜனாதிபதி நினைத்தாலே நாட்டைவிட்டு வெளியேறச் சொல்லலாம். வழக்கு இல்லை, ஜூரி இல்லை, காரணம் காட்ட வேண்டியதும் இல்லை. போகாமல் நின்றால் மூன்று வருடம் வரை சிறை. அனுப்பியபின் திரும்பி வந்தால், ஜனாதிபதி தேவை என்று கருதும் காலம் முழுதும் சிறை. ஆனால் சட்டத்தின் ஆயுள் இரண்டு வருடம் என்று சட்டத்திலேயே எழுதியிருந்தது.

ஜூலை 6 இல் எதிரி அந்நியர் சட்டம். போர் பிரகடனமானால், அல்லது வேற்றுநாட்டின் படையெடுப்பு நடந்தால் அல்லது அதற்கான அச்சுறுத்தல் வந்தால், பிரஜாவுரிமை பெறாத அந்த நாட்டு ஆண்கள், பதினான்கு வயதும் அதற்கு மேலும், பிடித்து அடைக்கப்படலாம், வெளியேற்றப்படலாம். இதற்கு முடிவுத் திகதி இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கோ, பிறகு வருவம்.

ஜூலை 14 இல் தேசத்துரோகப் பேச்சுச் சட்டம். அரசாங்கத்துக்கோ கொங்கிரசுக்கோ ஜனாதிபதிக்கோ எதிராகப் பொய்யான, அவதூறான, கெட்ட நோக்கமுள்ள எதையும் எழுதினால் அல்லது அச்சிட்டால் 2,000 டொலர் வரை தண்டமும் இரண்டு வருடம் வரை சிறையும். கீழ்ச்சபையில் 44க்கு 41 என்று மயிரிழையில் நிறைவேறியது. இரண்டு விசயங்களைக் கவனியுங்கள். பாதுகாக்கப்பட்டவர்களின் பட்டியலில் உப ஜனாதிபதி இல்லை. அதாவது ஜெபர்சனை என்னவும் ஏசலாம், அடம்ஸை ஏசக்கூடாது. மற்றது, சட்டம் காலாவதியாகும் நாள் 1801 மார்ச் 3. அடம்ஸின் பதவிக்காலம் முடியும் நாளும் அதுதான். அடுத்த ஆட்சி எதிர்க்கட்சியிடம் போனால் இந்த ஆயுதம் தங்கள் பக்கம் திரும்பக்கூடாது என்ற முன்யோசனை! இதுக்கு மேல விளக்கம் தேவையில்லை எண்டு நினைக்கிறன்.

அனுப்பாமலே அனுப்புவது

நட்பு நாட்டவரைப் பற்றிய அந்தச் சட்டத்தின் கீழ் ஒருவர்கூட நாடுகடத்தப்படவில்லை. அதனால் அதைப் 'பல்லில்லாத சட்டம்' என்று கடந்துபோகிறவர்கள் இருக்கிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

மொரோ டி சென் மேரி என்பவரின் கதையைப் பாருங்கள். மார்ட்டினிக் தீவில் பிறந்த வழக்கறிஞர், பிலடெல்பியாவில் புத்தகக்கடை வைத்திருந்தார். அடம்ஸும் ஒருகாலத்தில் அந்தக் கடைக்கு வந்துபோனவர். 1798 இல் தன் பெயர் பட்டியலில் இருப்பதை அறிந்து, என்ன குற்றம் என்று ஆள்மூலம் கேட்டுப் பார்த்தார். குறிப்பாக ஒன்றுமில்லை, ஆனால் அவர் அளவுக்கு மிஞ்சிய பிரெஞ்சுக்காரர் என்ற கருத்தில் அடம்ஸிடமிருந்து பதில் வந்ததாக அவரே எழுதிவைத்திருக்கிறார். அந்த ஒகஸ்ட்டிலேயே குடும்பத்தோடு கப்பலேறிவிட்டார். சட்டம் கையொப்பமாகும் முன்பே பயந்து கிளம்பியவர்களும் உண்டு. பிரெஞ்சுக்காரரை ஏற்றிக்கொண்டு கப்பல் கப்பலாகப் போனது.

பயம் தன் வேலையைச் செய்துவிட்டால் ஆணைக்கு அவசியமில்லை. நாடுகடத்தப்பட்டோர் தொகை பூச்சியம் என்று பதிவேடு சொல்லும். புத்தகக்கடை பூட்டியிருப்பதை எந்தப் பதிவேடும் சொல்லாது.

வாயைத் திறந்தவர்கள்

தேசத்துரோகப் பேச்சுச் சட்டத்துக்குப் பல் இருந்தது. முதலில் கடிபட்டவர் மத்தியூ லயன். அயர்லாந்தில் பிறந்து, கடனுக்குக் கட்டுப்பட்ட வேலையாளாக அமெரிக்கா வந்து, வேர்மொன்ட் மாநிலத்தின் கொங்கிரஸ் உறுப்பினராக உயர்ந்தவர். ஆள் சாந்தமானவர் இல்லை. 1798 ஜனவரியில் சபைக்குள்ளேயே ஒரு பெடரலிஸ்ட் உறுப்பினரின் முகத்தில் துப்பினார். அடுத்த மாதம் அவர் கைத்தடியால் இவரை அடிக்க, இவர் நெருப்பு எடுக்கும் இடுக்கியைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் பாய்ந்தார்.

சிறைக்குப் போனது அதற்காக அல்ல. அடம்ஸின் ஆட்சியில் ஆடம்பர மோகமும் முகஸ்துதி ஆசையும் சுயநலமும் மண்டிக்கிடப்பதாக ஒரு கடிதம் எழுதியிருந்தார். எழுதியது ஜூனில், சட்டம் வந்தது ஜூலையில், கடிதம் அச்சானது சட்டத்துக்குப் பிறகு. அது போதுமாயிருந்தது. ஒக்டோபரில் வழக்கு. லயன் தானே வாதாடினார். நீதிபதி பற்றர்சனைப் பார்த்து, நீங்கள் ஜனாதிபதியோடு விருந்துண்டிருக்கிறீர்களே, அங்கே ஆடம்பரத்தைக் காணவில்லையா என்று கேட்டார். எளிமையைத்தான் கண்டேன் என்றார் நீதிபதி. தீர்ப்பு, நாலு மாதச் சிறையும் 1,000 டொலர் தண்டமும்.

இந்த இடத்தில் சட்டத்தை ஆதரித்தவர்களின் வாதத்தையும் சொல்ல வேண்டும். எழுதியது உண்மை என்று நிரூபித்தால் விடுதலை என்று சட்டம் சொன்னது. பழைய ஆங்கிலேயப் பொதுச் சட்டத்தில் அதுவும் இல்லை, உண்மையைச் சொன்னாலும் குற்றம்தான். ஆகவே தங்கள் சட்டம் முன்னேற்றமானது என்றார்கள். கடதாசியில் அது சரி. ஆனால் ஒருவருக்கு ஆடம்பர மோகம் இருக்கிறது என்பதை எந்தச் சாட்சியை வைத்து நிரூபிக்கிறது? அது தகவல் இல்லை, அபிப்பிராயம். 1800 இல் தோமஸ் கூப்பர் என்ற, இங்கிலாந்திலிருந்து வந்த எழுத்தாளரின் வழக்கில் நீதிபதி சாமுவேல் சேஸ், எழுதிய ஒவ்வொன்றையும் முழுமையாக நிரூபிக்க வேண்டும் என்று நின்றார். கூப்பருக்கு ஆறு மாதம் சிறை, 400 டொலர் தண்டம். ஸ்கொட்லாந்திலிருந்து வந்த ஜேம்ஸ் கலண்டருக்கு ஒன்பது மாதம்.

பிரபலங்கள் மட்டுமில்லை. மசாசூசெட்ஸின் டெடம் ஊரில், இந்தச் சட்டங்களையும் வரியையும் எதிர்க்கும் வாசகப் பலகையோடு ஒரு கம்பம் நட்டார்கள். அதற்காக டேவிட் பிறவுண் என்ற ஊரூராய்த் திரியும் கூலித் தொழிலாளிக்குப் பதினெட்டு மாதச் சிறை, 480 டொலர் தண்டம். இந்தச் சட்டத்தின் கீழ் கொடுக்கப்பட்ட மிகக் கடுமையான தண்டனை இதுதான். தண்டம் கட்ட வழியில்லாமல் தவணை முடிந்தும் உள்ளேயே கிடந்தார். நியூ ஜேர்சியின் நூவார்க்கில், ஜனாதிபதி கடந்துபோகும்போது மரியாதை வேட்டு வெடித்தார்கள். குடித்திருந்த லூதர் போல்ட்வின், அந்தக் குண்டு ஜனாதிபதியின் பின்பக்கத்தில் பட்டாலும் கவலையில்லை என்று சொல்லிவைக்க, அவருக்கும் தண்டம். வெறியில கதைச்ச கதைக்கும் வழக்கு!

கல்கத்தாவிலிருந்து வந்த ஆசிரியர்

அந்நியர் சட்டமும் பேச்சுச் சட்டமும் ஒரே ஆளில் சந்திப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் வில்லியம் டுவானைப் பார்க்க வேண்டும். ஐரிஷ் பெற்றோருக்கு நியூயோர்க் மாகாணத்தில் 1760 இல் பிறந்தவர். சிறுவயதிலேயே அயர்லாந்துக்குக் கொண்டுபோகப்பட்டார். பிறகு கல்கத்தாவில் பத்திரிகை நடத்தினார். கிழக்கிந்தியக் கம்பனியை விமர்சித்ததால், விசாரணை எதுவும் இல்லாமல் பிடித்துக் கப்பலேற்றி அனுப்பிவிட்டார்கள். சொத்தும் போச்சு, அச்சகமும் போச்சு. 1796 இல் பிலடெல்பியா வந்து 'அவ்றோறா' பத்திரிகையில் சேர்ந்தார். அதன் ஆசிரியர் பெஞ்சமின் பிராங்ளின் பாச், அந்தப் பெரிய பிராங்ளினின் பேரன். பேச்சுச் சட்டம் வருமுன்பே பொதுச் சட்டத்தின் கீழ் கைதாகி, வழக்குக்கு முன்னரே 1798 செப்டெம்பரில் மஞ்சள் காய்ச்சலில் இறந்துபோனார். டுவான் ஆசிரியரானார்.

இனி இவர் பிரஜையா, அந்நியனா? பிறந்தது அமெரிக்க மண்ணில். ஆனால் அமெரிக்கா என்ற நாடு பிறக்குமுன்பே போய்விட்டார். அரசாங்கத்துக்கு இந்தச் சந்தேகம் வசதியாக இருந்தது. அந்நியர் சட்டத்தால் அனுப்பலாமா என்று அரசாங்க மட்டத்தில் யோசித்தார்கள், மறுபக்கம் பேச்சுச் சட்டத்தால் வழக்கும் போட்டார்கள். 1799 பெப்ரவரியில் சென் மேரிஸ் தேவாலயத்தில் அந்நியர் சட்டத்துக்கு எதிரான மனுவுக்குக் கையெழுத்து வாங்கப் போனபோது கைகலப்பு, கலகம் செய்ததாகக் கைது, பின்பு விடுதலை. ஒரு கையில் பேனாவையும் மறு கையில் பிறப்புச் சான்றையும் பிடித்துக்கொண்டே அந்த மனிதர் பத்திரிகை நடத்தினார். 'நீ சொல்லுறது பொய்' எண்டு நிரூபிக்கிறத விட, 'நீ எங்கட ஆளே இல்ல' எண்டு சொல்லுறது லேசு.

செத்தது எப்படி

சட்டங்கள் எதிர்பார்த்த பலனுக்கு நேரெதிரானதைத் தந்தன. எதிர்க்கட்சிப் பத்திரிகைகள் குறையவில்லை, கூடின. லயன் சிறையில் இருந்துகொண்டே தேர்தலில் நின்று வென்றார். கென்ரக்கி, வேர்ஜினியா மாநிலச் சபைகள் சட்டங்களைக் கண்டித்துத் தீர்மானம் போட்டன. முதலாவதை இரகசியமாக எழுதிக்கொடுத்தவர் உப ஜனாதிபதி ஜெபர்சன், இரண்டாவதை எழுதியவர் ஜேம்ஸ் மடிசன்.

1800 தேர்தலில் அடம்ஸ் தோற்றார். ஜெபர்சனும் அவருடைய சக வேட்பாளர் ஆரோன் பேரும் 73க்கு 73 என்று சமமாக வர, முடிவு கீழ்ச்சபைக்குப் போனது. முப்பத்தாறாவது வாக்கெடுப்பில்தான் ஜெபர்சன் வென்றார். அந்தச் சுற்றில் வேர்மொன்ட்டின் வாக்கை ஜெபர்சனுக்குப் போட்டவர் மத்தியூ லயன், அதே சிறைப்பறவை! ஜெபர்சன் தண்டிக்கப்பட்டவர்களுக்கு மன்னிப்புக் கொடுத்தார். பேச்சுச் சட்டம் காலாவதியானது. 1802 இல் குடியுரிமை மீண்டும் ஐந்து வருடமானது. லயனின் தண்டப்பணத்தை 1840 இல் கொங்கிரஸ் அவருடைய வாரிசுகளுக்குத் திருப்பிக் கொடுத்தது.

பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் 'சுபம்' போட்டுவிடுகின்றன.

சாகாதது

எதிரி அந்நியர் சட்டத்தை எதிர்க்கட்சி பெரிதாக எதிர்க்கவேயில்லை. வேர்ஜினியாத் தீர்மானம் கண்டித்ததும் அதை அல்ல. போர்க்காலத்தில் எதிரி நாட்டவனைக் கட்டுப்படுத்துவது எல்லா நாடும் செய்வதுதானே என்று விட்டார்கள். 1812 இல் பிரித்தானியாவோடு போர் வந்தபோது அதைப் பயன்படுத்தியவர் யார் தெரியுமா? அந்தத் தீர்மானத்தை எழுதிய அதே மடிசன், இப்போது ஜனாதிபதி. பிரித்தானியப் பிரஜைகள் அதிகாரிகளிடம் பதிய வேண்டியிருந்தது. கரையோரத்தில் இருந்தவர்கள் உள்நாட்டுக்குப் போகப் பணிக்கப்பட்டார்கள்.

முதலாம் உலகப்போரில் ஜேர்மானியர் மேல் பாய்ந்தது. 1918 இல் சட்டத்தைத் திருத்திப் பெண்களையும் சேர்த்தார்கள். அதே வருடம் இன்னொரு தேசத்துரோகப் பேச்சுச் சட்டமும் வந்தது. போரை எதிர்த்துப் பேசிய சோசலிசத் தலைவர் யூஜின் டெப்ஸுக்கு, அதற்கு முந்திய வருடத்து உளவுச் சட்டத்தின் கீழ் பத்து வருடச் சிறை. 1920 ஜனாதிபதித் தேர்தலில் சிறையிலிருந்தே நின்ற அவருக்கு ஒன்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் கிடைத்தன. அந்த வருட முடிவில் கொங்கிரஸ் 1918 இன் பேச்சுச் சட்டத்தை நீக்கியது. (1917 இன் உளவுச் சட்டம் இன்னும் இருக்கிறது, அதை மறைக்கக்கூடாது.) எதிரி அந்நியர் சட்டத்தை யாரும் தொடவில்லை.

1941 டிசம்பரில் பேர்ள் துறைமுகத் தாக்குதலோடு ரூஸ்வெல்ட் அதை யப்பானியர், ஜேர்மானியர், இத்தாலியர் மேல் பிரயோகித்தார். சுமார் 31,000 பேர் தடுப்பு முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். யப்பானிய அமெரிக்கர் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோரை முகாமுக்கு அனுப்பிய 9066 ஆம் இலக்க ஆணை வேறு, இது வேறு. யப்பானிலிருந்து வந்தவர்கள் எத்தனை வருடம் இருந்தாலும் 1952 வரை அமெரிக்கப் பிரஜையாக முடியாது என்று சட்டமே தடுத்து வைத்திருந்தது. பிரஜையாக விடாமல் வைத்திருந்துவிட்டு, நீ பிரஜை இல்லை, ஆகவே எதிரி என்று பிடித்தார்கள். போர் 1945 இல் முடிந்தது. ஆனால் 1948 இல், சட்டப்படி போர் இன்னும் முடியவில்லை, ஆகவே எதிரி நாட்டவரை வெளியேற்றும் அதிகாரமும் முடியவில்லை என்று உயர் நீதிமன்றம் 5க்கு 4 என்று தீர்ப்பளித்தது.

பிறகு 2025 மார்ச். போர் ஒன்றும் பிரகடனமாகவில்லை. ஒரு வெனிசுவேலக் குற்றக்கும்பல் 'படையெடுக்கிறது' என்று சொல்லி ஜனாதிபதி ட்ரம்ப் 1798 இன் அதே சட்டத்தை எடுத்தார். வெனிசுவேலர்கள் விமானத்தில் ஏற்றப்பட்டு எல் சல்வடோர் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். அனுப்புமுன் அறிவித்தல் கொடுத்து நீதிமன்றம் போக வாய்ப்பளிக்க வேண்டும் என்று ஏப்ரலில் உயர் நீதிமன்றம் சொன்னது. முதல் விமானங்கள் போய் இறங்கிய பிறகு.

ஏன்?

எனக்கு விளங்கிய அளவில் விசயம் இதுதான். பேச்சுச் சட்டம் லயனைத் தொட்டபோது அவருக்குப் பின்னால் வேர்மொன்ட்டின் வாக்காளர்கள் இருந்தார்கள். டெப்ஸுக்குப் பின்னால் ஒன்பது இலட்சம் வாக்கு. அடித்தால் திரும்பி அடிக்கக்கூடியவர்களை அடித்த சட்டம் நிலைக்கவில்லை. எதிரி அந்நியர் சட்டம் அடித்தது வாக்கே இல்லாதவர்களை. அவர்களுக்காகத் தோற்ற அரசியல்வாதி எவரும் இல்லை.

ஒரு சந்தேகம் வரும். நட்பு நாட்டவர் மீதான சட்டமும் அந்நியர் மேல்தானே, அது செத்ததே? உண்மைதான். ஆனால் அதற்கு இரண்டு வருட ஆயுள் என்று எழுதியிருந்தது, எதிர்க்கட்சியும் அதோடு மல்லுக்கட்டியது. மற்றதுக்கு முடிவுத் திகதி இல்லை, அதன் பெயரில் 'எதிரி' என்ற சொல் இருந்தது. அந்தச் சொல்லைக் கேட்டவுடன் சுதந்திரம் பேசியவர்களும் வாயை மூடிக்கொண்டார்கள். யார் எதிரி என்று தீர்மானிக்கும் அதிகாரம் ஒரு மனிதரிடம் போவதை ஜெபர்சன் அணி கவனிக்கவில்லை, அல்லது கவனித்தும் பெரிதாக எடுக்கவில்லை. அன்றைக்கு விட்ட பிழைக்கு 227 வருடம் கழித்து வேறு யாரோ விலை கொடுத்தார்கள்.

இந்தக் கட்டுரையில நான் எங்கட நாட்டுக் கதைக்குப் போகேல்ல. வாசிக்கிற ஆக்களுக்கு எது ஞாபகம் வருகுதோ அது வரட்டும். ஆனால் இனி எந்த நாட்டில், எந்த அவசரத்தில் ஒரு சட்டம் வந்தாலும் இரண்டு கேள்வியை முதலில் கேட்கப் பழகிக்கொண்டேன். இது எப்போது முடியும் என்று எழுதியிருக்கா? இது யார் மேல் விழுகிறதோ, அவருக்கு வாக்கு இருக்கா?

டியூட்டோரியலைத் திரும்ப எழுதிக் குடுத்தன். இந்த முறை முதலாவது திருத்தத்தைப் புகழ்ந்தது அரைப் பக்கம்தான். மிச்சம் முழுக்க 1798.